கூடத்து டிவியில் வந்த நிச்சயதார்த்தம்

ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடும் வீட்டில், ஒரு ஃபோல்டருக்குப் பாஸ்வேர்ட் போடலாமா, கூடாதா? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை பதில் தெரியவில்லை. நான் படித்த பி.சி.ஏ.வில் இது வரவில்லை. அதற்கப்புறம் வில்லியனூரில் சேர்ந்த ஹார்டுவேர் நெட்வொர்க்கிங் கோர்ஸிலும் வரவில்லை. அங்கே யூசர் என்றால் ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்ட், அவ்வளவுதான். அந்த யூசர் மாமியாராக இருந்தால் என்ன பெர்மிஷன் கொடுப்பது என்று எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை.

நான் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறவள். பாகூரில் இருக்கும் ஒரு ஸ்டூடியோவுக்காகச் செலியமேட்டில் எங்கள் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். மகள் யாழினி பிறந்த பிறகு வெளியே போய் வேலை பார்ப்பது முடியாமல் போனது. வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று ஓனர் ஒத்துக்கொண்டதால்தான் இந்த வேலை கையில் இருக்கிறது. என் கணவருக்குச் சேதராப்பட்டில் கம்பெனி வேலை, ஷிப்ட். அவர் வீட்டில் இருக்கும் நேரம் தூங்கும் நேரம். ஆகவே பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது என் மாமியார். அவர் பார்த்துக்கொண்டால்தான் நான் சிஸ்டம் முன் உட்கார முடியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீதிக் கதை முழுவதும் இதில்தான் வந்து நிற்கும்.

1. கூடையில் இறங்கிய ஹார்டு டிஸ்க்

மாடியில் என் கணவரின் தம்பி பிரதீப் இருக்கிறார். அதே ஸ்டூடியோவுக்கு வீடியோ எடிட் செய்கிறார். ஒரு கல்யாணத்தின் போட்டோவும் வீடியோவும் ஒரே ஹார்டு டிஸ்கில் வரும். நான் போட்டோவை எடுத்துக்கொண்டு மேலே கொடுக்க வேண்டும். அவர் வீடியோவை எடுத்துக்கொண்டு கீழே கொடுக்க வேண்டும். படி இறங்கி வருவது பிரதீப்புக்குப் பெரிய வேலை. அதனால் ஒரு பிளாஸ்டிக் கூடையில் கயிறு கட்டி, மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து ஹார்டு டிஸ்கை இறக்குவார். கீரைக்காரியிடம் கீரை வாங்குவதுபோல.

“அண்ணி, புடிச்சிக்கோங்க, வருது.”

ஒருநாள் நான் யாழினிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். அவர் கூப்பிட்டது காதில் விழவில்லை. கூடை சன்ஷேடில் இடித்துக் கவிழ்ந்தது. டிஸ்க் துணி துவைக்கும் கல்லில் விழுந்தது. மெமரி கார்டை ஸ்டூடியோவில் இன்னும் அழிக்காமல் வைத்திருந்ததால் ஒரு பெண்ணின் கல்யாணம் தப்பியது.

“நீங்க புடிக்கறீங்கன்னு நெனச்சேன்” என்றார் பிரதீப். வீடியோ எடிட் செய்பவர் கண்ணால் பார்த்துச் செய்ய வேண்டிய ஒரு வேலையை நினைத்துச் செய்தார்.

அன்றைக்குத்தான் ஓனர் சொன்னார்: “ஒரே வூட்ல இருந்துனு கூடை கட்டி எறக்கறீங்களே, வெக்கமா இல்ல? சர்வர் போடுங்க. பழைய சி.பி.யூ. ஒண்ணு இங்க தூங்குது, எடுத்துனு போங்க.”

2. எங்கள் வீட்டு ஐ.டி. டிபார்ட்மெண்ட்

சர்வர் என்றதும் பயப்படத் தேவையில்லை. வீட்டுக்கு அது ஒரு பழைய கம்ப்யூட்டர்தான். அதில் இரண்டு ஹார்டு டிஸ்க் மாட்டி, ஒன்றில் இருப்பது மற்றதிலும் அப்படியே பதியும்படி செட் செய்ய வேண்டும். இலவச சர்வர் சாஃப்ட்வேரைப் பென்டிரைவில் ஏற்றிப் போட்டால், மானிட்டர் கீபோர்டு இல்லாமல் அது பாட்டுக்கு ஓடும். அதிலிருந்து ஒரு கேபிள் ரவுட்டருக்கு. ரவுட்டரிலிருந்து என் சிஸ்டத்துக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று. சர்வரின் ஐ.பி. நம்பர், அதாவது நெட்வொர்க்கில் அதன் விலாசம், தினமும் மாறாமல் இருக்க ரவுட்டரில் அதை ஒதுக்கி வைக்க வேண்டும். இவ்வளவுதான்.

ஆனால் எங்கள் வீட்டில் இதை நான் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். பிரதீப் ஒரு யூடியூப் வீடியோ பார்த்துவிட்டு அதே விஷயத்தைச் சொன்னார். உடனே என் கணவர், “அவன் சொல்றான் பாரு, அதுமாரி செய்” என்றார்.

கேபிள் வாங்கப் போனதும் பிரதீப்தான். வேகமான ரகம் வேண்டும் என்பதால் கேட்-6 என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். கடைக்காரர், “ரெண்டும் ஒண்ணுதாம்பா, இது கேமராவுக்குப் போடறது, நல்லா உழைக்கும்” என்று பழைய ரகக் கேபிளைக் கொடுத்திருக்கிறார். இவரும் வாங்கி வந்துவிட்டார். மாடிவரை இழுத்து, சுவரில் கிளிப் அடித்து முடித்த பிறகு பார்த்தால் ஒரு கல்யாண ஃபோல்டர் மேலே போவதற்குள் நான் மதியச் சமையலை முடித்துப் பாத்திரமும் கழுவிவிட்டேன்.

“நெட் ஸ்லோ அண்ணி” என்றார் பிரதீப்.

“இதுக்கும் நெட்டுக்கும் சம்பந்தம் இல்ல தம்பி. நெட்டே இல்லனாலும் இது ஓடும். கேபிள்தான் ஸ்லோ.”

“இல்ல அண்ணி, நெட்தான்.”

நெட் பேக்கேஜை உயர்த்திப் பார்த்தார். அப்படியேதான் ஊர்ந்தது. பிறகு நானே பாகூர் போய்ச் சரியான கேபிள் வாங்கி வந்து, இரண்டு முனையிலும் ஜாக் வைத்து அழுத்தி, கிரிம்ப் செய்து மாட்டினேன். வேகம் வந்ததும் பிரதீப் சொன்னார்: “பாத்தீங்களா, பேக்கேஜ் ஏத்தினது இப்பதான் வேலை செய்யுது.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்று பிறகு தோன்றியது. சின்ன விஷயங்களில் வாயை மூடிக்கொண்டிருந்தால் பெரிய விஷயத்தில் நம் பேச்சுக்கு மதிப்பு இருக்காது போலிருக்கிறது.

3. “நாங்க இன்னா திருடங்களா?”

சர்வரில் மூன்று யூசர் போட்டேன். எனக்கு ஒன்று, பிரதீப்புக்கு ஒன்று, வீட்டுப் போட்டோக்களுக்குப் பொதுவாக ஒன்று. கஸ்டமர் ஃபோல்டர் என் யூசருக்கும் பிரதீப் யூசருக்கும் மட்டும். கோர்ஸில் சொல்லிக்கொடுத்தது இதுதான். செய்யவும் பெரிய நேரம் ஆகவில்லை.

எங்கள் வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மாமனார் இறந்த பிறகு வீடு மாமியார் பெயரில் இருக்கிறது. கூடத்தில் ஓர் இரும்பு பீரோ. அதன் சாவி பீரோவிலேயே தொங்கும். மாமியாரின் நகை, என் சர்டிபிகேட், யாழினியின் கவுன், எல்லாம் அதற்குள்தான். நான் கல்யாணமாகி வந்த அன்று பழக்கதோஷத்தில் என் துணியை வைத்துவிட்டுப் பீரோவைப் பூட்டிவிட்டேன். மாமியார் சத்தம் போடவில்லை. சாவியைத் திருப்பித் திறந்துவிட்டு, “இந்த வூட்ல பூட்டற பழக்கம் இல்லம்மா” என்றார். அதுமுதல் பூட்டியதில்லை.

சர்வர் போட்டு இரண்டாம் நாள், பிரதீப் மாமியாரின் போனில் அதைத் திறந்து காட்டப் போனார்.

“இன்னாடா இது, நம்பர் கேக்குது?”

“பாஸ்வேர்ட்மா. அண்ணி போட்டிருக்காங்க.”

மாமியார் என்னைப் பார்த்தார். “யாருக்கு பூட்டு சுகந்தி? இந்த வூட்ல நான் இருக்கறேன், என் புள்ளைங்க இருக்கறாங்க. நாங்க இன்னா திருடங்களா?”

“வீட்டுப் போட்டோ எல்லாம் நீங்க பாக்கலாம் அத்தை. இது கஸ்டமர் ஃபைல். தெரியாம டெலிட் ஆயிட்டா...”

“நான் டெலிட் பண்ணுவேன்னு சொல்றியா?”

என் கணவர் ஷிப்ட் முடிந்து வந்ததும் விஷயம் அவரிடம் போனது. அவர் லுங்கி மாற்றிக்கொண்டே தீர்ப்பு சொன்னார்: “எடுத்துடேன்டி. இதுக்கு ஒரு சண்டையா? நம்ம வூட்டுக்குள்ளதான இருக்குது.”

எடுத்தேன். எல்லா ஃபோல்டருக்கும் கெஸ்ட் ஆக்ஸஸ் கொடுத்தேன். அதாவது எங்கள் வைஃபையில் வரும் யாரும் பாஸ்வேர்ட் இல்லாமல் எதையும் திறக்கலாம். என் கணவர் வேலை செய்யும் கம்பெனியில் கேட்டைத் தாண்டவே கார்டு காட்ட வேண்டும். அதைக் குடும்பச் சண்டை என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை.

4. டிவியில் ஒரு புது சேனல்

பிரதீப் அத்தோடு நிற்கவில்லை. தான் எடிட் செய்த வீடியோவைக் கூடத்து டிவியில் பார்க்க ஆசைப்பட்டு, சர்வரில் மீடியா சர்வர் என்ற வசதியை ஆன் செய்தார். எந்த ஃபோல்டர் டிவியில் தெரிய வேண்டும் என்று அது கேட்கும். அவருடைய ஃபோல்டரை மட்டும் தேர்ந்தெடுத்திருக்கலாம். மேலே இருந்த மொத்தத்தையும் டிக் செய்துவிட்டார்.

அன்றிலிருந்து டிவி மெனுவில் சீரியல் சேனல்களுக்குப் பக்கத்தில் எங்கள் சர்வரும் ஒரு படமாக வந்து உட்கார்ந்தது. ரிமோட்டில் எந்தப் பட்டனை அழுத்தினால் அது வரும் என்று மாமியார் ஒரே நாளில் கற்றுக்கொண்டார். கேஸ் புக் செய்ய நான் போனில் கற்றுக்கொடுத்தது அவருக்கு இன்னும் வரவில்லை. இது வந்துவிட்டது.

சீரியல் முடிந்ததும் போட்டோ ஓடும். நல்லாத்தூர் கல்யாணம், மடுகரை வளைகாப்பு, யார் வீட்டுக் காதுகுத்தோ. யாழினியை மடியில் வைத்துச் சோறு ஊட்டிக்கொண்டே பார்ப்பார்.

“இந்தப் பொண்ணுக்கு எத்தினி சவரன் போட்டிருக்காங்க பாரு.” “இவன் இன்னா மாப்ளயா, மாப்ளைக்கு சித்தப்பன் மாரி இருக்கான்.” பக்கத்து வீட்டுப் பெண்களும் வர ஆரம்பித்தார்கள்.

நான் பிரதீப்பிடம் சொன்னேன். “தம்பி, கஸ்டமர் போட்டோ டிவில வருது. அந்த டிக்கை எடுத்துடுங்க.”

“பாத்தா இன்னா அண்ணி, தேஞ்சா போயிடும்? அம்மா ஆசையா பாக்குது.”

நானே எடுத்திருக்கலாம். மாமியார் ரிமோட்டை அழுத்தி, எதுவும் வராமல், என்னைத் திரும்பிப் பார்க்கும் அந்த நிமிஷத்தை நினைத்தேன். எடுக்கவில்லை.

5. சரோஜாம்மா

அந்த மாதம் ஒரு நிச்சயதார்த்த ஆர்டர் வந்தது. கடலூரில் ஒரு மஹாலில் நடந்தது. மாப்பிள்ளை வீடு நம் பக்கம்தான் என்று மட்டும் தெரியும். ஓனர் தனியாகப் போன் செய்து சொன்னார்: “சுகந்தி, இது கொஞ்சம் அடக்கமா செஞ்சிருக்காங்க. சொந்தத்துல ஒருத்தருக்கு இன்னும் சொல்லல. நேர்ல போய் தட்டு வெச்சி சொல்லணும்னு இருக்காங்களாம். அதுவரைக்கும் ஸ்டேட்டஸ்ல எதுவும் வரக்கூடாது.”

மஹால் பிடித்து, வாசலில் மாப்பிள்ளை பெண் படத்தோடு பேனர் கட்டி, ட்ரோன் விட்டு எடுத்த ரகசியம் அது. இருந்தாலும் கஸ்டமர் சொன்னால் சொன்னதுதான். பிரதீப்பிடமும் சொல்லிவைத்தேன். “நான் எங்க அண்ணி ஸ்டேட்டஸ் போடறேன்” என்றார்.

மாமியாரின் தாய்வீடு குருவிநத்தம். அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர் சரோஜாம்மா. பாகூருக்குச் சாமான் வாங்க வந்தால் எங்கள் வீட்டில் ஒரு டீ குடித்துவிட்டுத்தான் போவார். அன்றைக்கும் வந்தார். நான் உள்ளறையில் ஆல்பம் ஷீட் அடுக்கிக்கொண்டிருந்தேன். கூடத்தில் டிவி ஓடுவது கேட்டது.

“எதுனா போடு வசந்தா, பாப்போம்.”

“புதுசா ஒண்ணு வந்திருக்குது சரோஜா. பொண்ணு நல்லா லட்சணமா இருக்குது.” இது மாமியார்.

கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. சரோஜாம்மா வந்தால் பேச்சு நிற்கவே நிற்காது. அதனால்தான் எழுந்து வந்தேன்.

டிவியில் தட்டு மாற்றும் படம் இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா தட்டை இரண்டு கையால் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். சரோஜாம்மா டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார்.

“அந்தச் சட்டை” என்றார். “தீபாவளிக்கு எங்க அண்ணனுக்கு நான் எடுத்துக் குடுத்தது.”

மாமியாருக்குப் புரிய நேரம் எடுத்தது. எனக்கு உடனே புரிந்தது. சொல்லாமல் விட்ட அந்த ஒருத்தர் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளைக்கு அவர் சொந்த அத்தை. அவருக்குக் கல்யாண வயதில் ஒரு பெண் இருக்கிறாள். அண்ணன் மகனுக்கு அவளைத்தான் கொடுப்பதாக அவர் வீட்டில் பல வருஷமாகப் பேச்சு. இந்தப் பெண் பேச்சு மட்டும் பிறகு மாமியார் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நான் ரிமோட்டை எடுக்கப் போனேன்.

“இருக்கட்டும்மா, ஓடட்டும்” என்றார் சரோஜாம்மா.

கடைசிப் படம் வரை பார்த்தார். டீயையும் முழுசாகக் குடித்தார். எழுந்து பையை எடுத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: “இதெல்லாம் நீதான் பண்றியா? கலரு நல்லா வந்திருக்குது.”

நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமா, யார் சார்பில் கேட்பது என்று யோசிப்பதற்குள் அவர் தெருவில் இறங்கிவிட்டார்.

6. சோதனை

மாப்பிள்ளையின் அப்பா இரண்டு நாள் கழித்துத் தட்டோடு தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார். திரும்பி நேராக ஸ்டூடியோவுக்கு வந்துவிட்டார். அவர் சொன்னதை ஓனர் எனக்குப் போனில் அப்படியே சொன்னார்.

“வாசப்படியிலேயே நிக்க வெச்சிட்டாளாம். ‘உன் புள்ள நிச்சயத்தை டிவியிலேயே பாத்துட்டேண்ணா, கல்யாணத்தையும் அதுலயே பாத்துக்கறேன், தட்டை எடுத்துனு போ’ன்னு சொன்னாளாம். எந்த டிவில வந்துச்சுன்னு அந்த ஆளு என்னைக் கேக்கறாரு. நான் இன்னா பதில் சொல்றது? இன்னா சுகந்தி, ஆல்பம் பண்ணச் சொன்னா சினிமாக் கொட்டாய் நடத்துறியா?”

“சார், அது மீடியா சர்வர் டிக் தப்பா...”

“எனக்கு டிக்கு கிக்குலாம் தெரியாது. நாளையில இருந்து ஸ்டூடியோவுக்கு வந்து உக்காந்து பண்ணு. முடியலனா சொல்லிடு, வேற ஆளு இருக்குது.”

குழந்தை இருக்கிறது என்றேன். எல்லாம் சரிசெய்துவிடுகிறேன் என்றேன். கெஞ்சினேன் என்று சொல்வதுதான் சரி. டிக் செய்தவர் மாடியில் இருந்தார். அவரை ஓனர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசியில் ஓனரே கொஞ்சம் இறங்கி வந்தார்: “ஞாயித்துக்கெழம நானே வந்து பாப்பேன். உன் சிஸ்டத்துல போட்டோ, பிரதீப் சிஸ்டத்துல வீடியோ. வேற எதுலயாவது ஒரு படம் தெரிஞ்சா அதோட சரி.”

அன்று சாயங்காலமே மீடியா சர்வரை ஆஃப் செய்தேன். கெஸ்ட் ஆக்ஸஸை எடுத்தேன். மறுபடி மூன்று யூசர், தனித்தனிப் பாஸ்வேர்ட். முதல் நாள் நான் செய்து வைத்திருந்த அதே செட்டிங்தான். இதை இரண்டு முறை செய்ய வைப்பதற்கு ஒரு குடும்பமே உழைத்தது.

ஞாயிற்றுக்கிழமை ஓனர் சொன்னபடி வந்தார். செருப்பைக் கழற்றினார், மாமியாருக்கு ஒரு வணக்கம் வைத்தார், நேராக டிவி முன் போய் நின்று ரிமோட்டை எடுத்தார். மெனுவில் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். மாமியார் யாழினியை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றார். ஓனர் திருப்தியாகி, “சரிம்மா, இப்படியே இருக்கட்டும்” என்று கிளம்பினார். வேலை தப்பியது.

அவர் வண்டி தெருமுனை தாண்டியதும் மாமியார் சொன்னார்: “என் வூட்டு டிவிய யாரோ ஒருத்தன் வந்து சோதனை போட்டுட்டுப் போறான். நான் பாத்துனு நிக்கறேன்.”

7. தொங்காத சாவி

மாமியாருக்கென்று தனி ஃபோல்டர் போட்டேன். அவருடைய பிள்ளைகள் கல்யாணம், மாமனாரின் பழைய படங்கள், யாழினியின் காதுகுத்து, எல்லாம் தேடி எடுத்து, கலர் திருத்தி வைத்தேன். அது மட்டும் டிவியில் வரும்படி செய்தேன். அவர் ஒருமுறை பார்த்தார்.

“இதுல இன்னா இருக்குது?” என்றார். “நாமதான் இருக்கோம்.”

மறுநாள் காலை யாழினியைக் குளிப்பாட்டிவிட்டுக் கவுன் எடுக்கப் போனேன். பீரோவில் சாவி தொங்கவில்லை. கைப்பிடியைத் திருப்பினேன். பூட்டியிருந்தது.

“அத்தை, பீரோ சாவி...”

மாமியார் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். அவரே வந்து திறந்தார். ஒரு கவுனை எடுத்து என் கையில் கொடுத்தார். திரும்பப் பூட்டினார். கோபமே இல்லாத முகம். “கேட்டா குடுக்கப் போறேன்” என்றார்.

அன்றிலிருந்து தினமும் இதுதான். குழந்தையைப் பார்த்துக்கொள்வதை அவர் நிறுத்தவில்லை. அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. அப்படி நிறுத்தியிருந்தால் சண்டை போட எனக்கும் ஒரு காரணம் கிடைத்திருக்கும். என் சர்டிபிகேட், என் பட்டுப்புடவை, மகளின் உடை எதற்கும் நான் கேட்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் கோர்ஸ் பாஷையில் சொன்னால், பீரோவுக்கு அவர் மட்டும்தான் அட்மின்; நான் கேட்டால் அவர் திறப்பார்.

பிரதீப் இப்போது தெரிந்தவர்களுக்கெல்லாம் வீட்டு சர்வர் போட்டுக் கொடுப்பதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். செக்யூரிட்டி முக்கியம் என்று அவர்களிடம் சொல்கிறாராம்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பெண்களுக்கு நான் கற்றது ஒன்றைச் சொல்ல முடியும். அடுத்த வீட்டு விசேஷம் நம் ஹார்டு டிஸ்கில் இருப்பதால் அது நம் வீட்டு விசேஷம் ஆகிவிடாது. பாஸ்வேர்டை முதல் நாளே போடுங்கள். பழகிய பிறகு போட்டால் அது பூட்டு. முதலிலேயே போட்டால் அது சுவர். சுவரை யாரும் கோபித்துக்கொள்வதில்லை. இப்படி எழுதிவிட்டேனே தவிர, எங்கள் வீட்டில் நான் முதல் நாளே போட்டதும் பூட்டாகத்தான் தெரிந்தது. அதனால் இதுவும் சரிதானா என்று எனக்கு நிச்சயமில்லை.

மாமியார் கஸ்டமர் ஃபோல்டரின் பாஸ்வேர்டைக் கேட்கவில்லை. நானாகப் போய்ச் சொன்னால் அன்றே சாவி பீரோவில் தொங்கிவிடும் என்று நன்றாகத் தெரியும். கஸ்டமர் படம் மறுபடி டிவிக்கு வந்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓனர் ரிமோட்டை எடுத்தால் வேலை போய்விடும் என்பதும் தெரியும். கூட்டுக் குடும்பத்தில் இருந்துகொண்டு அடுத்தவர் ஃபைலை வீட்டில் வைத்து வேலை செய்கிறவர்கள் இதைப் படித்தால், உங்கள் வீட்டில் இதை எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்கள். யார் கோபித்துக்கொண்டார்கள், எத்தனை நாள், என்ன சொன்ன பிறகு சரியானது என்று விவரமாகவே எழுதுங்கள். ‘பொறுமையா எடுத்துச் சொல்லும்மா’ என்று மட்டும் எழுத வேண்டாம். அதை என் கணவர் சொல்லிவிட்டார்.